வெள்ளிக்கிழமைப் பொட்டு

நான் எழுதிய நிரலில், என் கோடில், ஓட்டை இல்லை. இதை முதலாளியிடம் சொன்னேன், கூட வேலை செய்யும் லிசாவிடம் சொன்னேன், நான் எழுதும் நிரல்மொழியைப் பயன்படுத்துகிற உலகத்துப் புரோகிராமர்கள் எல்லாம் கூடும் தளத்தில் எழுதியும் போட்டேன். ஓட்டை இருப்பது மொழியோடு கூடவே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில். மொழியை உருவாக்கியவர்களே செய்து தரும் கருவிப்பெட்டி அது. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்து எடுத்துப் போடுவோம். அதில் தப்பு என்று தி. நகரில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜீஷான் சொன்னால் எவன் காதில் வாங்குவான்? இந்த எரிச்சலிலேயே மூன்று வாரம் சாப்பிட்டேன், இந்த எரிச்சலிலேயே தூங்கினேன்.

எங்கள் அலுவலகம் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிட ஒரு பொத்தான் கொடுக்கிறோம். அவர்களுடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பார்கள், இல்லையென்றால் சோழிங்கநல்லூரில் ஏதாவது கம்பெனியில் இருப்பார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்த நேரத்தில் இரண்டும் ஒரே தூரம்தான். விழுந்தவர் பொத்தானை அழுத்தினால் அதில் சிவப்பு விளக்கு எரியும். எங்கள் சர்வர் அதைக் கேட்டுக்கொண்டதும் விளக்கு பச்சையாகும், லிசாவின் மேஜையிலும் அவள் போனிலும் மணி அடிக்கும். அவள் பக்கத்து வீட்டுக்கும் ஆம்புலன்சுக்கும் பேசுவாள். அந்தச் சர்வரில் ஓடும் நிரலை எழுதியவன் நான்.

நாலு வருஷம் அது முதலாளி ஸ்ரீகிருஷ்ணா சாரின் மேஜைக்கு அடியில், ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடியது. ஒரு தடவைகூட விழவில்லை. வாடிக்கையாளர்கள் கூடியதும் மும்பையில் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய சர்வருக்கு மாற்றினோம். மாற்றும் கையோடு மொழியின் புதுப் பதிப்பையும் போட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

மெமரி ஏறிக்கொண்டே போனது. மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்தது மாதிரி, இறங்கவே இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஏறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நிரம்பி, சர்வர் செத்துப்போனது. நான் எழுந்து பார்த்து உயிர் கொடுத்து, பொத்தான்கள் எல்லாம் திரும்ப ஒட்டிக்கொள்வதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. நல்லவேளை, அன்றைக்கு யாரும் விழவில்லை.

மறுநாள் லிசா என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சாந்தோம்காரி, சத்தமாகப் பேசுகிறவள். அன்று மெதுவாகப் பேசினாள்.

"எங்க டாடி கழுத்துலயும் அது தொங்கினு கீது, ஜீஷான். மறந்துடாத."

அவளுடைய அப்பா ஃபிரெட்ரிக், ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் பாதி விழுந்துவிட்டது. பகலில் வீட்டில் தனியாகத்தான் இருப்பார். அந்தப் பொத்தான் இருக்கும் தைரியத்தில்தான் லிசா வேலைக்கே வருகிறாள். நான் ஒரு தடவை போயிருந்தபோது, செயல்படாத கையால் டம்ளரைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் தண்ணீர். "பழக்கம் போதல தம்பி, வேற ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார். எதற்கும் அவரிடம், திரும்பத் திரும்பப் பழகுவது என்ற அந்த ஒரே மருந்துதான்.

"நம்ம கோடுல ஒண்ணும் இல்ல லிசா. லைப்ரரில லீக். அவனுங்க சரி பண்ணணும்" என்றேன்.

"எவனுங்களோ. சீக்கிரம் பண்ணச் சொல்லு."

விழுவதற்கு முன் நாமே ஒரு தடவை நிறுத்திப் போட்டால் என்ன என்று ஸ்ரீகிருஷ்ணா சார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நிறுத்திப் போட்டால் எல்லாப் பொத்தான்களும் தொடர்பை இழந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து சேர இருபது நிமிஷம் பிடிக்கும். அந்த இருபது நிமிஷம் யார் கத்தினாலும் எங்களுக்குக் காது கேட்காது. "எவனோ செஞ்ச தப்புக்கு நம்ம ஆளுங்க ஏன் சார் அநாதையா கெடக்கணும்?" என்று சண்டைக்குப் போனேன். எனக்கு அப்போது பேச்சு நன்றாகவே வந்தது.

லைப்ரரியின் மூலநிரலை வரிவரியாகப் படித்தேன். சர்வரின் மெமரியை அப்படியே படமெடுத்து உள்ளே என்ன குவிந்திருக்கிறது என்று பார்த்தேன். குவிந்திருந்தது எல்லாம் லைப்ரரியின் சரக்கு. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை நம்மைத் தட்டி எழுப்பும் சின்னச் சின்னக் கடிகாரங்கள், ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றின் மேலும் லைப்ரரியின் பெயர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? படத்தோடு எழுதிப் போட்டேன்.

லைப்ரரியைச் செய்தவர்களிடமிருந்து பதில் மரியாதையாகத்தான் வந்தது. பார்த்தால் கசிவு போலத் தெரிகிறது, கசிவுதான் என்று இதிலிருந்து சொல்ல முடியாது, அதைக் காட்டும் ஒரு சின்ன நிரலை எழுதி அனுப்புங்கள் என்றார்கள். எழுதினேன். அவர்களுடைய லைப்ரரியை எத்தனை விதமாக உலுக்கினாலும் அந்தச் சின்ன நிரலில் மெமரி ஏறவில்லை. ராத்திரியும் பகலும் அதையே மாற்றி மாற்றி எழுதினேன். ஏறவே இல்லை. அப்புறம் அவர்களில் ஒருவர் கேட்டார்: உங்கள் நிரல் பழைய பதிப்பில் இத்தனை நாள் நிறுத்தாமல் ஓடியது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாலு வருஷம், நாலு வருஷம் என்று இரண்டு தடவை எழுதினேன்.

எழுதியதை நிரூபிக்கவும் கிளம்பினேன். சாரின் மேஜைக்கு அடியில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருந்தது. முதன்முதலில் வாங்கிய இயந்திரம் என்று அவர் தூக்கிப்போட மறுத்துவிட்டார். திங்கட்கிழமை அதில் மொழியின் பழைய பதிப்பைப் போட்டு, என் நிரலை ஏற்றி, நிஜமானவை மாதிரியே விட்டு விட்டு ஒட்டும் பொய்ப் பொத்தான்களை இணைத்து ஓடவிட்டேன். பன்னிரண்டு நாள் தாண்டிவிட்டால் லைப்ரரிக்காரர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

"சார், ஓடிட்டு இருக்கு. இத யாரும் தொடக் கூடாது."

"தொடலைப்பா" என்றார்.

அதிலும் மெமரி மெல்ல ஏறத்தான் செய்தது. எந்த நிரலும் முதலில் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் நிலைக்கு வரும், நாளைக்கு நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை சொன்னேன், புதன்கிழமை சொன்னேன், வியாழக்கிழமையும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மும்பை சர்வர் கழுத்துவரை நிரம்பியிருந்தது. மத்தியானத்துக்குள் போய்விடும் என்று தெரிந்தது. லைப்ரரிக்காரர்களுக்கு, எங்கள் வேலை உயிர் சம்பந்தப்பட்டது, தயவுசெய்து ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். சண்டைக்காரனாகத் தொடங்கியவன் பிச்சைக்காரனாகிவிட்டேன். அவர்கள் ஊரில் அப்போது நடுராத்திரி, பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நான் பன்னிரண்டுக்கு முன்பே ஜும்ஆவுக்குக் கிளம்பிவிடுவேன். போகிற வழியில் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும், பள்ளிவாசலுக்குள் நிழலில் உட்கார இடமும் பிடிக்க வேண்டும். தொழுதுவிட்டு வந்தால் என் மேஜையில் ஒரு காகிதக் கப்பில் சுண்டல் இருக்கும். அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை பூஜை உண்டு. சாமிக்குப் படைப்பதற்கு முன்பே எனக்கென்று தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவார் சார். படைத்ததை நான் சாப்பிடமாட்டேன் என்று நான் சொல்லாமலே தெரிந்துகொண்ட மனிதர். சுண்டலைச் சாப்பிட்டபடியே பார்ப்பேன், கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் புதிதாக இருக்கும்.

அன்றைக்கு நான் கிளம்பவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த நேரத்தில் நாற்காலியை விட்டு எழவில்லை. ராகுகாலம் முடிந்தது. ஸ்ரீகிருஷ்ணா சார் தட்டில் சந்தனக் கிண்ணமும் கற்பூரமும் வைத்துக்கொண்டு வந்தார், மேஜைக்கு அடியில் குனிந்தார். டக் என்று சத்தம் கேட்டது. மின்விசிறி சுழலும் இரைச்சல் அடங்கியது.

"சார்! என்ன பண்ணீங்க?"

"பொட்டு வெக்கறேன்."

"ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பின்னே? ஈரச் சந்தனத்தோட ஓடற மெஷின்ல கை வெக்கச் சொல்றியா? ஷாக் அடிச்சா எங்காத்துல யார் பதில் சொல்றது?"

"தொடக் கூடாதுன்னு சொன்னேனே சார்!"

"ஓடிண்டிருக்கு, தொடப்படாதுன்னே. அதான் அணைச்சுட்டுத் தொடறேன். இன்னிக்கா புதுசா பண்றேன்? நாலு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராகுகாலம் போனதும் அணைப்பேன், தொடச்சு, பொட்டு வெச்சு, தீபாராதனை காட்டிட்டுப் போட்டுடுவேன். நீ தொழுதுட்டு வரச்சே ஓடிண்டிருக்கும்."

நான் அப்படியே உட்கார்ந்தேன்.

நாலு வருஷம் என் நிரல் ஓடவில்லை. ஒரு வாரம் ஓடியது, செத்தது, மறுபடி ஒரு வாரம் ஓடியது. நிரம்புவதற்கு முன்னால் ஒரு மனிதர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து அதைக் காலி செய்துகொண்டே இருந்திருக்கிறார். நான் அந்த நேரத்தில் பார்த்து வெளியே போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் நிரல் தானாக ஓடும்படியும், எப்போது நின்றது எப்போது ஓடியது என்ற பழைய பதிவுகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்படியும் வைத்தவனும் நானே, இடம் மிச்சமாகுமாம். மும்பையில் பொட்டு வைக்க யார் இருக்கிறார்கள்?

"லிசா, உனக்கு இது தெரியுமா?"

"எது, பூஜைக்கு நிறுத்தறதா? அதுக்குத்தான வெள்ளிக்கெழம போன்! மெஷின் நிக்கற நேரத்துல எல்லாருக்கும் போட்டு, நல்லா கீறீங்களான்னு கேப்பேன். சர்வர் மும்பைக்குப் போனப்புறம் நீதான் அது வேஸ்ட்டு, வேணாம்னுட்ட."

உண்மை. அந்த வாராந்திர விசாரிப்பைச் சும்மா ஒரு மரியாதைக்குச் செய்கிறாள் என்றே நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி நிறுத்தச் சொன்னேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியாதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீதான எழுதின."

மெமரியின் பழைய படத்தைத் திரும்ப எடுத்தேன். அதே ஆயிரக்கணக்கான கடிகாரங்கள், அதே பெயர். இந்தத் தடவை யார் செய்தது என்று பார்க்கவில்லை, யார் கேட்டு வாங்கியது என்று பார்த்தேன். வீட்டில் எவர்சில்வர் குவிந்துகிடந்தால் கீழே இருக்கும் பாத்திரக்கடைக்காரரையா திட்டுவது? வாங்கியவன் நான்தான். ஒரு பொத்தான் வந்து இணையும்போது அதைக் கவனிக்க ஒரு கடிகாரம் வைக்கிறேன். கரண்ட் போய், வைஃபை போய், பொத்தான் தொடர்பை இழந்து திரும்ப வரும்போது புதிதாக இன்னொன்று வைக்கிறேன். பழையதை நிறுத்துவதே இல்லை. நிறுத்து என்று நான் சொல்லாததால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. லைப்ரரி சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வரி. நான் எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரி.

எழுதினேன். விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. மும்பை சர்வரைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. சர்வர் இன்னும் சாகவில்லை, ஆனால் திணறிக்கொண்டிருந்தது. வந்த செய்திகளை எல்லாம் வரிசையில் நிற்க வைத்துவிட்டு எதையும் எடுக்காமல் இருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஓடுகிற மாதிரிதான் இருந்தது.

"நிறுத்திப் போடறேன். எல்லாருக்கும் போன் போடு லிசா, ஒருத்தர் விடாம."

லிசா வழக்கமாக அவள் அப்பாவுக்குக் கடைசியில்தான் போடுவாள். சம்பளம் வாங்கும் இடத்தில் சொந்தக்காரர் முதலில் வரக் கூடாது என்பது அவள் கணக்கு. அன்று முதலில் அவருக்குத்தான் போட்டாள். மணி அடித்து நின்றது. திரும்பப் போட்டாள். நான் சர்வரை நிறுத்தி, புது நிரலை ஏற்றி, ஓடவிட்டேன். திரையில் ஒரு பொத்தான்கூட இன்னும் வரவில்லை. மூன்றாம் தடவையும் மணி அடித்து நின்றது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கோ. மத்தவாளுக்கு நான் பேசறேன்" என்றார் சார். தட்டை ஓரமாக வைத்துவிட்டு லிசாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கற்பூரம் ஏற்றாமலே கிடந்தது.

என் வண்டியில் போனோம். தேனாம்பேட்டை சிக்னலில் நின்ற நேரத்தில் எங்கிருந்தோ தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. அல்லாவிடம் எனக்காக எதுவும் கேட்க வாய் வரவில்லை. அந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று மட்டும் கேட்டேன். லஸ்ஸில் மெட்ரோவுக்காக அடைத்த தகரத்தைச் சுற்றி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து, கச்சேரி ரோட்டுக்கு வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. பின்னால் லிசா திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். என் முதுகில் அவள் முழங்கை இடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறக்க அவளால் முடியவில்லை. நான் வாங்கித் திறந்தேன்.

ஃபிரெட்ரிக் அங்கிள் சமையலறை வாசலில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. செயல்படும் அந்த ஒரு கை, மார்பின் மேல் கிடந்த பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தும், விடும், அழுத்தும். விளக்கு சிவப்பாகவே இருந்தது. கட்டைவிரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

"டாடி!"

"பச்ச வரலம்மா" என்றார். நாக்குக் குழறியது. "சர்ச்சுல மத்தியான மணி அடிச்சப்போ விழுந்தேன். பச்ச வரவே இல்ல."

லிசா அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் ஆம்புலன்சுக்குப் பேசினேன். விலாசம் சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பேசி முடிக்கிற நேரத்தில், தரையில் கிடந்த லிசாவின் போனில் மணி அடித்தது. திரையில் அவருடைய பெயர். பொத்தான் சர்வரைக் கண்டுபிடித்துவிட்டது.

அங்கிள் தன் மார்பைக் குனிந்து பார்த்தார். விளக்கு பச்சையாகியிருந்தது.

"வந்துடுச்சு" என்றார். அந்த வலியிலும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்புறம் என்னைப் பார்த்தார். "நான் தப்பா அழுத்திட்டனா தம்பி? கையில பலம் பத்தல போலருக்கு. இப்ப அழுத்தினதுதான் சரியா விழுந்திருக்கு."

மூன்று வாரமாக உலகம் முழுவதையும் குற்றம் சொன்ன வாய் இது. மண்டியிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

"இல்ல அங்கிள். நீங்க சரியாத்தான் அழுத்தினீங்க. எல்லாத் தடவையும் சரியாத்தான் அழுத்தினீங்க. தப்பு என்னோடது. நான் எழுதினதுல தப்பு."

அவர் நம்பவில்லை. படித்த பையன், மரியாதைக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். "பழக்கம் போதல" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பு எலும்பு போலிருக்கிறது என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது வலியில் முனகினார், ஆனால் பொத்தானைக் கழற்ற விடவில்லை. லிசா அவரோடு ஏறிக்கொண்டாள். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அவர் கட்டைவிரலைப் பொத்தானின் நடுவில் சரியாக வைத்து, ஒழுங்காக, அழுத்தமாக, ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பச்சை வந்தது. எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். லிசாவின் கையில் போன் அடித்தது. அடுத்த தடவை இன்னும் சரியாகச் செய்யவேண்டும் என்று பழகிக்கொண்டே போனார். அவள் அந்த மணியை நிறுத்தவில்லை.